பாரிஸ் பிராஸரியில் நிம்மதியாகச் சாப்பிட: வாசல் முதல் பில் வரை முழுமையான வழிகாட்டி

பாரிஸின் பெரிய பிராஸரிகளின் வாசல்வரை வந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் பர்கர் தேடிப் போய்விடும் நம்மவர்கள் பலர். வெள்ளை மேசைவிரிப்பும், கணுக்கால்வரை ஏப்ரன் கட்டிய சர்வர்களும், வாசலில் பனிக்கட்டிமேல் அடுக்கிய சிப்பிகளும் அவர்களை மிரட்டிவிடுகின்றன. விலையைப் பற்றிய பயம் பாதி. உள்ளே எப்படி நடந்துகொள்வது என்ற தயக்கம் பாதி. விலைக்கு வழி சொல்ல முடியும். தயக்கத்தை முழுவதுமாகப் போக்கிவிட முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

பிராஸரி என்பது நட்சத்திரச் சமையற்காரர் ஒருவரின் கலையைப் பயபக்தியோடு சுவைக்கும் இடம் அன்று. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருப்பவர், நாடகம் முடிந்து பசியோடு வருபவர், தனியாகப் பத்திரிகை படித்தபடி சூப் குடிப்பவர், திருமண நாள் கொண்டாடும் குடும்பம் என எல்லோரும் ஒரே பெரிய கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடம். அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. யாரும் எழுதி ஒட்டிவைக்கவில்லை என்றாலும் மிக எளிய ஒழுங்கு அது. தெரிந்துகொண்டு போகிறவரைப் பிராஸரி அன்போடு நடத்தும்.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பிராஸரியின் வேர் ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் இருக்கிறது. பீர் வடிப்பதிலும் முட்டைக்கோஸைப் புளிக்கவைப்பதிலும் தேர்ந்தவர்கள் அந்த மக்கள். அங்கிருந்து வந்த ஃபிரெடெரிக் போஃபாஞ்ஜே 1864இல் பஸ்தீய் சதுக்கத்துக்கு அருகே ஒரு சிறு பீர்க்கடை திறந்தார். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போனபோது, ஜெர்மன் குடிமக்களாக இருக்க விரும்பாத அல்சாஸ்காரர்கள் பலர் பாரிஸுக்கு இடம்பெயர்ந்தார்கள். 1880இல் சேன் ஜெர்மான் பெருஞ்சாலையில் கடை திறந்த லெயோனார் லிப்பும் அல்சாஸ்காரர்தான். ஊரை இழந்து வந்தவர்களின் உணவுதான் பின்னர் தலைநகரின் அடையாளமாயிற்று என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

போஃபாஞ்ஜே இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. கீழ்த்தளக் கூடத்தின்மேல் விரிந்திருக்கும் வண்ணக் கண்ணாடிக் குவிமாடத்துக்காகவே ஒருமுறை போகலாம். முன்பதிவு செய்யும்போது குவிமாடத்தின் கீழ் இடம் கேளுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். மாடியில் அல்சாஸ் ஓவியர் ஹன்சியின் படங்கள் கொண்ட அறை உண்டு. அதுவும் அழகுதான், எனினும் முதல்முறை போகிறவருக்குக் குவிமாடமே சரி.

மோன்பர்னாஸ் பகுதியின் லா கூப்போல் 1927 டிசம்பரில் திறந்தது. ஓவியர்கள் தீட்டிய தூண்கள் தாங்கும் மாபெரும் கூடம் அது. எழுத்தாளர்கள் சார்த்ர், சிமோன் த பொவ்வார், சிற்பி ஜக்கொமெத்தி போன்றோர் வந்துபோன இடம். அங்கே ஒரு செய்தி நமக்கு வியப்பளிக்கும்: அந்த பிராஸரியின் புகழ்பெற்ற உணவுகளில் ஒன்று ஆட்டுக்கறிக் குழம்பு. 'இந்திய முறை' என்ற பெயரோடு தொடக்க காலத்திலிருந்தே பட்டியலில் இருக்கிறது. நம் வீட்டுக் குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காரம் குறைந்த, பிரெஞ்சு நாக்குக்கு இணங்கிய வேறு உணவு அது. பாரிஸ்காரர்கள் தலைமுறைகளாக விரும்பிச் சாப்பிடும் ஒன்று என்ற எண்ணத்தோடு சுவைத்தால் நன்றாக இருக்கும்.

கட்டடத்தின் பகட்டைப் பார்க்க விரும்பினால் கார் த லியோன் ரயில் நிலையத்தின் மாடியில் இருக்கும் லெ த்ரான் ப்ளூ. 1901இல் திறந்தது. அங்கிருந்து புறப்படும் ரயில்கள் சென்ற ஊர்களைக் காட்டும் 41 ஓவியங்கள் சுவர்களையும் கூரையையும் நிறைத்திருக்கின்றன. விலை அதிகம். காசைக் காக்க வேண்டுமானால் அதன் தேநீர்க்கூடத்தில் ஒரு காப்பியோடு உட்கார்ந்தும் பார்க்கலாம்.

கார் து நோர் நிலையத்துக்கு நேரெதிரே இருப்பது 1925இல் தொடங்கிய தெர்மினுஸ் நோர். அங்கிருந்து சிறிது தூரம் வடக்கே நடந்தால் லா ஷப்பேல் வந்துவிடும். பாரிஸ் வாழ் ஈழத்தமிழர்களின் கடைத்தெரு அது. 1980களிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் பலர் பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில்தான் முதல் வேலையைத் தேடிக்கொண்டார்கள். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி அடுப்படிப் பொறுப்புவரை உயர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. நீங்கள் சாப்பிடும் பிரெஞ்சு உணவைச் சமைத்த கை தமிழ்க் கையாகவே இருக்கக்கூடும்.

சிப்பிகளுக்கு வேண்டுமானால் கிளிஷி சதுக்கத்தின் வெப்லேர். கையில் காசு குறைவு, ஆனாலும் பழைய கூடத்தின் சூழல் வேண்டும் என்றால் 'பூய்யோன்' என்ற வகை உணவகத்துக்குப் போங்கள். 1896இல் தொடங்கிய ஷார்த்தியே அவற்றில் புகழ்பெற்றது. முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும். காகித மேசைவிரிப்பிலேயே சர்வர் கணக்கெழுதிக் கூட்டுவார். தெரியாதவர்களோடு மேசையைப் பகிர நேரலாம். பிராஸரிக்கு அது உடன்பிறப்பு எனலாம். விலையோ ஏறக்குறைய பாதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழம்பெரும் பிராஸரிகளில் பல இன்று பெரிய உணவகக் குழுமங்களின் கையில் இருக்கின்றன. ஆகவே சமையல் எல்லா இடத்திலும் அந்தந்த வீட்டுக்கே உரியது என்று நினைக்க வேண்டாம். கூடத்தின் அழகுக்கும், அந்த இடம் பெயர்பெற்ற ஓரிரு உணவுகளுக்கும் என்று போனால் ஏமாற்றம் வராது.

இரண்டாம் படி: நேரமும் முன்பதிவும்

சாதாரண பிரெஞ்சு உணவகங்கள் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை, பிறகு இரவு ஏழு மணிக்கு மேல் என்றுதான் அடுப்பெரிக்கும். பிராஸரியின் பெரிய வசதி இடைவிடாத பரிமாறல். பிற்பகல் நான்கு மணிக்கும் பெரும்பாலானவற்றில் சூடான சாப்பாடு கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், விமானக் களைப்பில் பசிநேரம் குழம்பிப்போனவர்களுக்கும் இது பெரிய உதவி.

பாரிஸ்காரர்கள் இரவு எட்டரைக்குத்தான் வந்து நிறைவார்கள். அந்த இரைச்சல், தட்டுகளின் ஒலி, நிரம்பிய கூடம் ஆகியவைதான் பிராஸரியின் உயிர். முடிந்தால் அந்த நேரத்துக்கே போங்கள். அமைதி வேண்டுமானால் ஏழு மணி. செலவு குறைய வேண்டுமானால் வாரநாள் மதியம்: அன்றைய சிறப்பு உணவும் குறைந்த விலைத் தொகுப்புகளும் பெரும்பாலும் அப்போதுதான். முன்பதிவைப் பெரும்பாலான இடங்களில் இணையத்திலேயே செய்யலாம். வர முடியாவிட்டால் தவறாமல் ரத்துசெய்துவிடுங்கள்.

உடைக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை. கோட்டும் டையும் வேண்டாம். அரைக்கால் சட்டையும் கடற்கரைச் செருப்பும் வேண்டாம். புடவைக்கும் வேட்டிக்கும் எந்தத் தடையும் இல்லை.

மூன்றாம் படி: உள்ளே நுழைவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களானால் அது இதுவாக இருக்கட்டும்: எதையும் கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லுங்கள். பகலில் "போன்ஜூர்", மாலையில் "போன்ஸ்வார்". பின்னால் 'மெஸ்யூ' அல்லது 'மதாம்' சேர்த்தால் இன்னும் நல்லது. வணக்கம் சொல்லாமல் நேராக "இருவருக்கு இடம் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் தொடங்குவது பிரான்சில் முரட்டுத்தனமாகவே படும். பாரிஸ் சர்வர்கள் கடுகடுப்பானவர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அந்தக் கடுகடுப்பில் பெரும்பகுதி இந்த ஒரு சொல் விடுபட்டதால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

வாசலருகே காத்திருங்கள். காலியான மேசையைப் பார்த்து நீங்களாகப் போய் உட்காரக்கூடாது. "யூன் தாப்ல் பூர் தெ, சில் வூ ப்ளே" என்றால் இருவருக்கு ஒரு மேசை. மூவருக்கு 'த்ருவா', நால்வருக்கு 'காத்ர்'. வெளித்திண்ணை மேசைகளில் புகைபிடிக்க அனுமதி உண்டு. உள்ளே 2008 முதல் தடை. சிகரெட் புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளேயே கேளுங்கள்.

சுவரை ஒட்டி நீண்ட மெத்தை இருக்கையும் எதிரே நாற்காலியும் இருக்கும். மெத்தையில் உட்காருபவருக்குக் கூடம் முழுவதும் தெரியும். ஆகவே அதைப் பெண்களுக்கோ பெரியவர்களுக்கோ விடுவது வழக்கம். மேசைகள் நெருக்கமாக இருப்பதால் சர்வரே மேசையை வெளியே இழுத்து வழிவிட்டு, நீங்கள் உட்கார்ந்ததும் உள்ளே தள்ளுவார். நாற்காலியில் உட்காருபவருக்கும் இழப்பில்லை. சுவரெல்லாம் கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அதில் தெரியும். பக்கத்து மேசை முழங்கை தொலைவில் இருக்கும் என்பதால் குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசுங்கள். பக்கத்து மேசைக்கு வரும் தட்டைப் பார்த்து "அது என்ன?" என்று சர்வரிடம் கேட்பதில் தவறில்லை.

நான்காம் படி: உணவுப் பட்டியலைப் படிப்பது

வாசலிலேயே விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும். சட்டப்படி ஒட்டியாக வேண்டும். உள்ளே வருவதற்கு முன்பே படித்துவிடலாம். பொதுவாக ஒரு முக்கிய உணவு 20 முதல் 35 யூரோ, மூன்று சுற்றுச் சாப்பாடு பானம் இல்லாமல் 40 முதல் 60 யூரோ என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் உணவுத் தட்டு இதைத் தாண்டும்.

சர்வர் தரும் முழுப்பட்டியலுக்கு 'கார்த்' என்று பெயர். அதற்குள் 'மெனு' அல்லது 'ஃபோர்முல்' என்று தலைப்பிட்டிருப்பது நிலையான விலையில் வரும் தொகுப்பு: முதல் தட்டும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும். தனித்தனியாக வாங்குவதைவிட இது மலிவு. 'ஆந்த்ரே' என்றால் முதல் தட்டு, 'பிளா' என்றால் முக்கிய உணவு. அமெரிக்காவில் ஆந்த்ரே என்பதை முக்கிய உணவுக்குச் சொல்வார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். 'பிளா த்யு ஜூர்' அன்றைய சிறப்பு. அன்றைக்கென்று சமைத்தது, விலையும் நியாயம். தடுமாறும்போதெல்லாம் அதைச் சொல்லிவிடலாம்.

முடிவு செய்துவிட்டால் பட்டியலை மூடி மேசைமேல் வையுங்கள். அது திறந்திருக்கும்வரை நீங்கள் இன்னும் யோசிக்கிறீர்கள் என்று சர்வர் விலகியே நிற்பார். அவரை அழைக்கக் கண்ணைப் பார்த்துக் கையைச் சிறிது உயர்த்தி "மெஸ்யூ" அல்லது "மதாம்" என்றால் போதும். விரல் சொடுக்குவதும், 'பையன்' என்று பொருள்படும் 'கார்ஸோன்' என்று கூப்பிடுவதும் வேண்டாம். சர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை மேசைகள் பொறுப்பில் இருக்கும். அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக வருவார். பலர் ஆயுள் முழுவதும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். எதைச் சாப்பிடலாம் என்று அவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்வியை அவர் மதிப்பார்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். "யூன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குடுவையில் இலவசமாக வரும். அதைத் தருவது சட்டப்படி அவர்கள் கடமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வெறுமனே "தண்ணீர்" என்றால் காசு கொடுக்கும் பாட்டில் வரக்கூடும். ரொட்டியும் சாப்பாட்டோடு சேர்ந்தது. தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். அதைத் தனித்தட்டில் வைக்கும் வழக்கம் பிராஸரியில் அரிது. மேசைவிரிப்பின்மேலேயே வைத்து, கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். மது அருந்தாதவர்களுக்கு எலுமிச்சைச் சோடாவில் புதினாப் பாகு கலந்த 'தியாபோலோ மாந்த்' நல்ல துணை. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

ஐந்தாம் படி: சிப்பிகளும் மற்ற முதல் தட்டுகளும்

குளிர்காலத்தில் போகிறீர்களா, கடல் உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, அப்படியானால் சிப்பியைத் தவறவிடாதீர்கள். வாசலில் கடுங்குளிரிலும் நின்று சிப்பி திறப்பவருக்கு 'எக்காய்யே' என்று பெயர். ஓட்டின் இணைப்பில் குட்டைக் கத்தியைச் செருகி, தசையை அறுத்து, உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் திறக்கும் அந்தக் கைவேகத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

பட்டியலில் எண்கள் இருக்கும். எண் கூடக் கூடச் சிப்பி சிறியது. 3ஆம் எண் சிப்பி ஓட்டோடு 66 முதல் 85 கிராம். முதல்முறை சாப்பிடுகிறவருக்கு அதுவே அளவானது. 1, 2 எல்லாம் வாய்நிறைய வரும்; பழகாதவருக்குத் திணறல். 'ஃபின் த கிளேர்' என்றிருந்தால் மேற்குக் கடற்கரையின் மரேன்-ஓலெரோன் பகுதியில், பழைய உப்பளங்களிலிருந்து உருவான ஆழமில்லாத குட்டைகளில் கடைசிப் பருவத்தைக் கழித்தவை. அந்தக் குட்டைகளில் வாழும் நீலநிற நுண்பாசியைத் தின்று சிலவற்றின் செவுள் பச்சையாகிவிடும். அது கெட்டுப்போன அடையாளம் அன்று. விரும்பித் தேடப்படும் தரம். 'ஸ்பெசியால்' என்றால் சதைப்பற்று அதிகம். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று கேட்கலாம். முதலில் ஆறு போதும், அதையும் இருவர் பகிரலாம்.

பனிக்கட்டித் தட்டில் சிப்பிகளோடு கோதுமை போன்ற தானியமான ரையில் சுட்ட ரொட்டி, வெண்ணெய், எலுமிச்சை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஊறிய வினிகர் ஆகியவை வரும். சிறு முள்கரண்டியால் சதையை ஓட்டிலிருந்து விடுவியுங்கள். எலுமிச்சை ஒரு துளி விட்டால் உயிருள்ள சிப்பியின் ஓரம் மெல்லச் சுருங்கும். புதியது என்பதற்கு அது அத்தாட்சி. முதல் சிப்பியை எதுவும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஓட்டை உதட்டருகே சாய்த்து வாயில் விட்டு, இரண்டு மூன்று முறை மென்று விழுங்க வேண்டும். மெல்லாமல் விழுங்கினால் உப்புநீர்தான் தெரியும். மென்றால் பின்சுவையாக ஓர் இனிப்பு வரும். கெட்ட வாடை வந்தால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும். கோடையில் இனப்பெருக்கக் காலம். சதை பால்போலக் கொழகொழப்பாக இருக்கலாம். அதனால்தான் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சிறந்தது என்பார்கள்.

வேகவைத்த இறால், நண்டு, கடல்நத்தை எல்லாம் சிப்பிகளோடு அடுக்கடுக்காக வரும் பெரிய கடல் உணவுத் தட்டு இருவர் மூவராகப் பகிர்ந்து சாப்பிடத்தான். கையால் உடைத்து, உறிஞ்சி, விரல் நனையச் சாப்பிடும் உணவு. நமக்கு அதில் கூச்சமே இருக்கத் தேவையில்லை.

வெங்காய சூப் இன்னொரு பெருமை. வெங்காயத்தை வெண்ணெயில் நெடுநேரம் மெல்லிய தீயில் பழுப்பாகும்வரை வதக்கி, மாட்டெலும்புச் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே ரொட்டித் துண்டும் துருவிய சீஸும் வைத்து அடுப்பில் சுட்டெடுப்பார்கள். லெ ஆல் பகுதியில் 1947இல் திறந்த ஓ பியே த கொஷோன் இதற்குப் பெயர்பெற்றது. நகரத்தின் மொத்த விற்பனைச் சந்தை அங்கே இருந்த காலத்தில் விடிய விடிய மூட்டை சுமந்தவர்களும், கேளிக்கை முடிந்து வந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இந்த சூப்பைக் குடித்தார்கள். சந்தை 1969இல் புறநகரான ரான்ஜிஸுக்கு மாறிவிட்டது, சூப் நிலைத்துவிட்டது. மேலே உருகிய சீஸ் உறைந்து மூடியிருப்பதால் உள்ளே கொதிநிலை குறையாது. ஓரத்தைக் கரண்டியால் உடைத்து ஆவி போகவிட்டு, பொறுமையாகத் தொடங்குங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

எளிமையில் என் விருப்பம் முட்டை மயோனைஸ். வேகவைத்த முட்டை, அங்கேயே அடித்த மயோனைஸ், அவ்வளவே. ஒரு பிராஸரியின் சமையலறை அக்கறையோடு இயங்குகிறதா என்பதை அந்தத் தட்டு சொல்லிவிடும். மஞ்சள் கரு உலர்ந்து ஓரம் பச்சை படிந்திருந்தால் அக்கறை இல்லை. பூண்டு வெண்ணெயில் சுட்ட நத்தை ஆறு அல்லது பன்னிரண்டாக வரும். மிஞ்சும் வெண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுங்கள்.

ஆறாம் படி: முக்கிய உணவு

அல்சாஸின் கொடை 'ஷூக்ரூத்'. மெல்லச் சீவிய முட்டைக்கோஸை உப்பிட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்து, பின்னர் வெள்ளை ஒயினும் ஜூனிப்பர் காய்களும் சேர்த்து வேகவைப்பார்கள். அதன்மேல் புகையூட்டிய பன்றியிறைச்சி, பலவகைச் சாசேஜ்கள், வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒருவருக்கென்று வருவது நம்மில் இருவருக்குப் போதும். இரவைவிட மதியத்துக்கு ஏற்றது, பசியோடு போங்கள். பன்றியிறைச்சிக்குப் பதில் மீன் வைக்கும் கடல் ஷூக்ரூத்தும் உண்டு; போஃபாஞ்ஜேயில் கிடைக்கும். ஆனால் முட்டைக்கோஸைப் பன்றிக் கொழுப்பில் வேகவைக்கும் வழக்கம் இருப்பதால், முற்றாகத் தவிர்ப்பவர்கள் கேட்டே ஆகவேண்டும்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் ஸ்டேக்கும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார்கள். எவ்வளவு வேக வேண்டும் என்று சர்வர் கேட்பார். 'ப்ளூ' என்றால் மேலே மட்டும் சூடு பட்டது, 'சைஞ்ஞான்' இரத்தம் கசிவது, 'அ புவான்' நடுவில் நன்கு சிவந்திருப்பது, 'பியான் க்வி' முழுவதும் வெந்தது. நாம் நடுத்தரம் என்று நினைத்து 'அ புவான்' சொன்னால் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாகவே வரும். சிவப்பே ஆகாது என்றால் 'பியான் க்வி' என்று தெளிவாகச் சொல்லுங்கள். சர்வரின் முகம் சற்று வாடலாம், கவலைப்படாதீர்கள். 'தார்தார்' என்பது பச்சை மாட்டிறைச்சி. 'ஆந்துய்யெத்' என்பது பன்றிக் குடல் சாசேஜ், மணம் மிகக் கடுமை. இரண்டையும் தெரியாமல் வரவழைத்துவிட வேண்டாம்.

நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது மீன்தான். 'சோல் மெனியேர்' என்பது நாக்கு மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, எலுமிச்சையும் பார்ஸ்லி தழையும் தூவியது. முழுமீனாக மேசைக்குக் கொண்டுவந்து, பக்கத்துச் சிறுமேசையில் வைத்து, இரண்டு கரண்டிகளால் முள்ளை அலுங்காமல் எடுத்துத் தருவார் சர்வர். விலை கூடுதல், அந்தக் கைத்திறனைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. திருக்கையைப் புட்டாக மட்டுமே அறிந்தவர்கள், பழுப்பாக உருக்கிய வெண்ணெயும் புளிப்பான கேப்பர் மொட்டுகளும் ஊற்றிய திருக்கைச் சிறகையும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். கோழி வறுவலும், சொந்தக் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த வாத்துத் தொடையும் பாதுகாப்பான தேர்வுகள். எல்லாம் காரமில்லாமல் இருக்கும். மிளகாய்க்கு ஏங்கும் நாக்குக்கு மேசையில் இருக்கும் தீஜோன் கடுகு விழுது துணைநிற்கும். சிறிது எடுத்தாலே மூக்குவரை ஏறும்.

முக்கிய உணவைப் பல பேர் பகிர்ந்துகொள்வதை அங்கே அவ்வளவாக விரும்புவதில்லை. முதல் தட்டையும் இனிப்பையும் தாராளமாகப் பகிரலாம். "யூன் அஸியெத் ஆன் ப்ளூஸ்" என்றால் கூடுதல் தட்டு தருவார்கள். மீந்த உணவைக் கட்டிக் கொடுப்பது 2021 ஜூலை முதல் சட்டப்படி உணவகத்தின் கடமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

சைவர்களுக்கும், மாடும் பன்றியும் தவிர்ப்பவர்களுக்கும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பழைய பிராஸரிகளின் பட்டியல் சைவர்களை நினைத்து எழுதப்பட்டதன்று. இப்போது மாறி வருகிறது, ஆனால் மெதுவாக. முட்டை சேர்ப்பவருக்குச் சிக்கல் குறைவு. முட்டை மயோனைஸ், காளான் ஆம்லெட், வினிகர் சாறில் ஊறிய லீக்ஸ் எனும் வெங்காய வகைத் தண்டு, சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், பாலாடையில் சுட்ட உருளைக்கிழங்கு எனப் பசியாறிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை உள்ளே மறைந்திருப்பவை. 'லார்தோன்' எனும் பன்றியிறைச்சித் துண்டுகளைச் சாலட்டில் தூவுவார்கள். சிலர் அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சூப்பும் சாஸும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தவை. சாஸில் ஒயினும் இருக்கலாம். வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு. பாரம்பரிய பிரெஞ்சு சீஸ்களில் பெரும்பாலானவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைத்தவை. "ஜ ந மான்ஜ் நி வியாந்த் நி புவாஸோன்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். அதோடு நிறுத்தாமல் "சான் லார்தோன்" என்றும் சொல்லுங்கள். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் "சான் பெஃப்", பன்றி வேண்டாமென்றால் "சான் போர்". காரணம் விளக்க வேண்டியதில்லை. முன்பதிவின்போதே ஒரு வரி எழுதிவிட்டால் சமையலறைக்கும் வசதி. ஹலால் இறைச்சி பழைய பிராஸரிகளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; மீனும் முட்டையுமே வழி.

ஏழாம் படி: இனிப்பு, காப்பி, பில்

கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் அருகருகே சேர்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள் என்று பொருள். அடுத்து சீஸ், அதன்பின் இனிப்பு. இனிப்புகளில் முதலிடம் நான் தருவது ப்ரோஃபித்ரோலுக்கு. உள்ளே வெனிலா ஐஸ்கிரீம் வைத்த மெல்லிய மாவு உருண்டைகள்மேல் சூடான சாக்லேட்டை மேசையிலேயே ஊற்றுவார்கள். உடனே சாப்பிட வேண்டும். ரம்மில் ஊறிய 'பாபா'வில் மது தாராளமாக இருக்கும், குழந்தைகளுக்கு வேண்டாம். முடிவெடுக்க முடியாவிட்டால் 'கஃபே கூர்மான்' கேளுங்கள்: ஒரு காப்பியோடு மூன்று நான்கு இனிப்புகள் சிறிய அளவில் வரும்.

"அன் கஃபே" என்றால் சிறு கோப்பையில் கறுப்புக் காப்பி. இனிப்போடு சேர்த்து வராது, முடிந்த பிறகே வரும். சிறிது பால் வேண்டுமானால் 'நுவாஸெத்'.

பில் தானாக வராது. அரை மணி நேரம் காலிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாலும் வராது. அதைப் புறக்கணிப்பு என்று பலர் கோபித்துக்கொள்கிறார்கள். மேசை உங்களுடையது, உங்களை எழுப்புவது அநாகரிகம் என்பது அங்கே மரபு. புறப்படும் எண்ணம் வந்ததும் "லதிசியோன், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள். அட்டையில் செலுத்துவதென்றால் சிறு கருவியை மேசைக்கே கொண்டுவருவார்.

விலைப்பட்டியலில் இருக்கும் தொகைக்குள் சேவைக் கட்டணமும் வரியும் அடக்கம். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. ஆகவே டிப்ஸ் கட்டாயமில்லை. நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால் இரண்டு யூரோவோ, பெரிய சாப்பாடானால் ஐந்து யூரோவோ நாணயமாகத் தட்டில் வைத்தால் போதும். சில இடங்களில் அட்டைக் கருவியின் திரை சதவீதக் கணக்கில் டிப்ஸ் கேட்கும். சுற்றுலாப் பயணிகளை எண்ணி வந்த புதுப்பழக்கம் அது; மறுத்துவிட்டுத் தொடரலாம். பில்லை ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள், குறிப்பாகப் பாட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று. கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டும்போது "மெர்சி, ஓ ர்வுவார்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மெட்ரோ ரயில்கள் வாரநாள்களில் நள்ளிரவு ஒன்றேகால் வரையும், வெள்ளி, சனி இரவுகளில் இரண்டேகால் வரையும் ஓடும்.